பால் பொங்கும் அரை நிமிஷம்: பெங்களூர் அடுக்குமாடி வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பொங்கல் வைக்க ஒரு முழு வழிகாட்டி

மகளுக்கு மூன்று வயதான வருஷம்தான் முதல் தடவையாக ஊருக்குப் போகாமல் பெங்களூரிலேயே பொங்கல் வைத்தேன். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து, கோலம் போட்டு, கரும்பு சாத்தி, ஐந்தரைக்கெல்லாம் பால் பொங்கி முடித்துவிட்டேன். எல்லாம் அம்மா செய்கிற மாதிரியே. ஏழு மணிக்கு மகள் எழுந்து வந்து, "எப்பம்மா பொங்கும்?" என்று கேட்டாள். பால் பொங்கும், நாம் கத்தலாம் என்று முந்தின நாள் முழுக்க அவளிடம் சொல்லி வைத்தது நான்தான். மத்தியானம் வரை அழுதாள். போனில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏட்டி, பிள்ளைய எழுப்பாமலா பொங்குன?"

அதற்கப்புறம் நாலு பொங்கல் இங்கேயே வைத்தாயிற்று. நாலையும் பின்னாலிருந்துதான் திட்டமிட்டேன். பால் பொங்கும் அந்த அரை நிமிஷத்தில் பிள்ளைகள் முழித்து, முகம் கழுவி, பசி இல்லாமல், கையில் தட்டும் கரண்டியுமாக அடுப்புக்கு நாலடி தள்ளி நிற்க வேண்டும். மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதுதான் கணக்கு. இப்போது மகளுக்கு ஏழு, மகனுக்கு மூன்றரை. நான் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூர் அல்சூர். அதனால் இதில் தாமிரபரணியும் வரும், கன்னடச் சங்கராந்தியும் வரும்.

முதலில் சூரியன் எங்கே வருகிறது என்று பாருங்கள்

தை ஒன்று 14-ஆம் தேதியும் வரும், 15-ஆம் தேதியும் வரும். 2024-ல் 15, 2025-ல் 14. சூரியன் மகர ராசிக்குள் போகும் நேரத்தைப் பொறுத்தது அது. வீட்டுக் காலண்டரைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. மறுநாள் மாட்டுப் பொங்கலன்று பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸும் உண்டு. அதை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

ஜனவரி நடுவில் பெங்களூரில் சூரியன் உதிப்பது 6.45 வாக்கில். ஆனால் அடுக்குமாடியில் அந்தக் கணக்கு உதவாது. அந்த மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்காது. நன்றாகத் தெற்கே தள்ளித்தான் எழும்பும். கிழக்குப் பார்த்த பால்கனிக்கு வெயில் வரும், தெற்குப் பார்த்ததற்கும் கொஞ்சம் தாமதமாக வரும். வடக்கு, மேற்குப் பால்கனிக்காரர்கள் காலை வெயிலை மறந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போவதே நல்லது. ஒரு வாரம் முன்பே காபியோடு பால்கனியில் நின்று, எத்தனை மணிக்கு வெயில் தரையில் விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு எதிர் டவர் பதினாலு மாடி. அதன் தலையைத் தாண்டிச் சூரியன் எட்டிப் பார்க்க ஏழு இருபது ஆகும். அதுதான் எங்கள் முகூர்த்தம். பிள்ளைகள் தானாக எழுந்திருக்கும் நேரத்துக்கும் அது சரியாக இருக்கிறது. நல்ல நேரம் பார்க்கிற வீடு என்றால் காலண்டரில் கொடுத்திருக்கும் நேரங்களில் பிள்ளைகளுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரே அதற்கு ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டிலும் ஒப்புக்கொள்வார்கள்.

பானை: இரண்டு வாரம் முன்பே

இண்டக்ஷன் அடுப்பைப் பால்கனிக்குத் தூக்கிப்போய் வைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். வெங்கலப் பானை, பித்தளைப் பானை, மண்பானை மூன்றுமே அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதற்கு வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் பொம்மைக் காந்தத்தை எடுத்துப் பானையின் அடியில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்படியே எவர்சில்வர் பானை வைத்தாலும், பால் வழிந்து கண்ணாடியில் பரவியதும் பல அடுப்புகள் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். பொங்கலோ பொங்கல் சொல்லும் நேரத்தில் அது வேண்டாம். சமையலறை கேஸ் அடுப்பில் பொங்கவைத்து, பானையைப் பால்கனிக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குப் படையுங்கள். பால்கனியில் விறகு, வரட்டி என்று ஆரம்பிக்க வேண்டாம். சங்கத்துக்காரர்கள் வருவது இருக்கட்டும், மேல்வீட்டில் துணி காயும்.

மண்பானை வேண்டுமென்றால் கண்டோன்மென்ட் பக்கம் பாட்டரி டவுனுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சக்கரத்தில் மண் சுழன்று பானையாவதை ஒரு பிள்ளை நேரில் பார்த்துவிட்டால், அப்புறம் அந்தப் பானையைத் தன் பானை என்றுதான் சொல்லும். மூன்று லிட்டர் பிடிக்கிற, அடி உருண்ட பானையாக எடுங்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் விரிசல்.

புதுப் பானையை வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். நிழலில் காயவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை முக்கால் அளவு ஊற்றி, சிறு தீயில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிடுங்கள். இதை இரண்டு தடவை செய்துவிட்டால் பொங்கலன்று பானை வெடிக்குமோ என்று நெஞ்சு படபடக்காது. வெங்கலமோ பித்தளையோ இருந்தால் வேலை சுலபம். பித்தளைக்கு மட்டும் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான்

கே.ஆர். மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும். ஆனால் பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள் அங்கே மூன்று வயசுப் பிள்ளையோடு போக வேண்டாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் அதிகம் இருக்கும் பக்கங்களில் மஞ்சள் கொத்தும் கரும்பும் தெருவிலேயே வந்து இறங்கும். மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கமும் அப்படித்தான். அங்கே கூடவே எள்ளு பெல்லா (கன்னடக்காரர்களின் எள்ளு, வெல்லக் கலவை) பாக்கெட்டும் பொம்மை மாதிரி வார்த்த சர்க்கரை அச்சும் இருக்கும்.

கரும்பு பற்றி ஒரு எச்சரிக்கை. முழுக் கரும்பு எங்கள் லிஃப்டுக்குள் நிற்கவில்லை. தோகையோடு எட்டடிக்கு மேல் இருந்தது. சாய்த்துப் பிடித்தால் கதவு மூடவில்லை. நானும் வீட்டுக்காரரும் ஒன்பது மாடி படியேறினோம். தோகை ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒருவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைத் தட்டிவிட்டது. கடையிலேயே நடுவில் ஒரு வெட்டு போடச் சொல்லுங்கள். மேல் பாதி தோகையோடு பால்கனிக் கம்பியில் கட்ட, கீழ்ப் பாதி தின்ன. தோகையின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

பனங்கிழங்கும் சிறுகிழங்கும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் பொங்கல் இல்லை. அதை அம்மா பஸ் பார்சலில் அனுப்புவாள். அது வருகிற காலையில் மடிவாளாவுக்குப் போய் சாக்கை எடுத்துவருவதும் எங்கள் வீட்டில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. உங்கள் ஊரில் எது இல்லாமல் பொங்கல் இல்லையோ, அந்த ஒன்றை மட்டும் ஊரிலிருந்து வரவழையுங்கள். மிச்சத்துக்கு இந்த ஊர் காய் போதும். ஜனவரியில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் மணக்கிறது, அதை விட்டுவிட்டு வேறெதைத் தேடப் போகிறோம்?

போகி: எரிக்காமல் கழிப்பது

இங்கே கொளுத்த வேண்டாம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை பிள்ளைகள் நெஞ்சுக்கு ஆகாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பதிலாகப் போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று அட்டைப் பெட்டி வைத்துவிடுங்கள்: கொடுக்க, குப்பைக்கு, யோசிக்க. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று பிரிப்பது பழக்கம்தான், அதனால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். உடைந்த பொம்மையை அவர்களே எடுத்துப் போட வேண்டும். நாம் ராத்திரி திருட்டுத்தனமாகப் போட்டால் ஆறு மாதம் கழித்துக் கேட்பார்கள்.

மூன்றாவது பெட்டிதான் முக்கியம். எதையும் விட மனசில்லாத பிள்ளைக்கு அது ஒரு வழி. ரதசப்தமி வரைக்கும் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். என் மகன் போன வருஷம் அதில் போட்டது ஒரு சக்கரம் இல்லாத லாரியும், தன் அக்காவின் ஹோம்வொர்க் நோட்டும்.

முதல் நாள் ராத்திரி

எண்ணெய்க் குளியலைப் பொங்கல் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலை பதினைந்து டிகிரிக் குளிரில் தலைக்கு ஊற்றினால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறதோ இல்லையோ, வீட்டில் சண்டை பிடிக்கும். முந்தின நாள் சாயங்காலம் வெந்நீரில் முடித்துவிட்டால், காலையில் முகம் கழுவிப் புதுத்துணி போட்டால் போதும். புதுத்துணி பருத்தியில் இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் பாவாடையோடு அடுப்புப் பக்கம் போக விடாதீர்கள். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும்.

கோலத்தையும் ராத்திரியே போட்டுவிடலாம். நடைபாதை பொது இடம், காலையில் சுத்தம் செய்ய வருகிறவர் துடைத்துவிடுவார் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கல்மாவு கண்ணில் பட்டால் உறுத்தும், அதனால் சின்னவனுக்கு அரிசிமாவு. ஐந்து புள்ளிக்கு மேல் அவனுக்கு ஓடாது. பெரியவளுக்கு ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு சூரியன். நான் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பேன், அவள் அதன் மேல் மாவு இழுப்பாள். கோணலாகத்தான் வரும். அதை நாம் திருத்தப் போகக்கூடாது. நான் ஒருமுறை போனேன், அவள் முழுக் கோலத்தையும் காலால் அழித்துவிட்டாள்.

மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு மாமியார் சொல்லிக்கொடுத்த ஒரு வழி: பிதுக்குப் பருப்பு. அவரைக் கொட்டையை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, தோலை இரண்டு விரலால் அமுக்கினால் பருப்பு சளுக்கென்று வெளியே துள்ளும். கன்னடத்தில் இதை ஹிதகித பேளே என்பார்கள். என் மகன் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து செய்த ஒரே வேலை இதுதான். பாதி பாத்திரத்தில் விழும், பாதி சோபா அடியில். தோலில்லாத பருப்பு பொங்கல் குழம்பில் வெண்ணெய் மாதிரி கரையும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், ஊறின கொட்டையை மூக்குக்குள் தள்ளுகிற வயசு அது.

பொங்கல் காலை

நாங்கள் ஏழு இருபதுக்குப் பொங்க வேண்டும் என்பதால் என் கணக்கு இப்படி ஓடும். உங்கள் நேரத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு நான் மட்டும் எழுவேன். ஒரு ஆழாக்கு பச்சரிசியைக் கழுவி, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதாகக் கழுவின தண்ணீரை எடுத்து வைப்பேன். எங்கள் பக்கம் பானையில் ஊற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். அதில் இருக்கும் மாவுச்சத்தும் பாலின் புரதமும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டும்; அடியிலிருந்து வருகிற ஆவி அந்தப் படலத்தைத் தள்ளிக்கொண்டு எழுவதுதான் பொங்குவது. வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர இப்படிப் பொங்காது. மகள் போன வருஷம் ஏன் என்று கேட்டபோது சோப்பு நுரையைக் காட்டி இதைச் சொன்னேன், புரிந்துகொண்டாள்.

ஆறே முக்காலுக்குப் பிள்ளைகளை எழுப்பி, ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும் கொடுங்கள். படைக்கும் வரை சாப்பிடக்கூடாது என்பது பெரியவர்களுக்கு. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தச் சாமியும் கும்பிட முடியாது.

பானைக்கு மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டுகிற வேலை மகளுடையது. இலை கீழே தொங்கினால் கேஸ் தீ பிடிக்கும்; இலையைப் பாதியாக வெட்டி, முடிச்சைப் பானையின் தோளுக்கு மேலே போடுங்கள். திருநீறோ சந்தனமோ குங்குமமோ, உங்கள் வழக்கப்படி மூன்று விரலால் இழுக்கிற வேலை மகனுக்கு. இதெல்லாம் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, அரை லிட்டர் பாலும் எடுத்து வைத்த அரிசித் தண்ணீருமாகப் பானையின் கழுத்து வரை ஊற்றுங்கள். வெங்கலத்தில் மிதமான தீயில் பதினைந்து நிமிஷத்துக்குள் பொங்கும். மண்பானைக்கு இன்னும் பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்திக்கொள்ளும் போலிருந்தால் தீயைக் குறையுங்கள், தாமதமானால் கூட்டுங்கள். பிள்ளைகள் வரவில்லை என்று ஒருமுறை ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர் ஊற்றி அடக்கினேன், குற்றமில்லை.

இப்போது ஜாக்கிரதை. தரையில் ஒரு கோடு போடுங்கள், சாக்பீஸால். அடுப்பிலிருந்து நாலடி. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், சின்னது இடுப்பில். ஒரு பெரியவர் அடுப்புக்கு, ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு. ஒருவரே இரண்டையும் பார்க்க முடியாது, நான் முயன்று பார்த்தாயிற்று. பால் வழியும்போது தீ அணைந்துபோய் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். அதனால் அடுப்புப் பக்கம் நிற்பவர் கை குமிழிலேயே இருக்க வேண்டும். வழிந்ததும் அடுப்பை அணைத்து, துடைத்து, ஜன்னலைத் திறந்து, மறுபடி பற்றவையுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகம், கை என்றாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, பொங்குகிறது. முதலில் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. நடுவில் ஆடை சுருங்கும். பானை ஒரு மூச்சு இழுத்த மாதிரி உள்ளே வாங்கும், அப்புறம் வெள்ளையாக ஒரு தொப்பி எழும்பும். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் குலவை இடுவார்கள். மகளுக்கு நாக்கு அவ்வளவு வேகமாகச் சுழலவில்லை, அவள் கரண்டியால் தட்டை அடிக்கிறாள். மகன் பொங்கலோ பொங்கல் என்பதைப் பொங்கோ பொங்கோ என்று கத்துகிறான். எதிர்வீட்டுக் கதவு திறக்கும். அவ்வளவுதான், இதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

மிச்சம் சமையல். பொங்கின தண்ணீரில் பாதியை மொண்டு வைத்துவிட்டு, அரிசியையும் கால் ஆழாக்கு வறுத்த பாசிப்பருப்பையும் போடுங்கள். மூன்று கை அரிசி போடுவது எங்கள் வீட்டில் பிள்ளைகள்தான், ஆனால் நேராகப் பானைக்குள் இல்லை. என் கையில் இருக்கும் கிண்ணத்தில் போடுவார்கள், நான் பானையில் சரிப்பேன். மொண்டு வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரிசி விரலில் மசிகிற வரை வேகவிடுங்கள். அதற்கு முன் வெல்லத்தைக் காட்டாதீர்கள். வெல்லம் விழுந்த பின் அரிசி வேகாது, பாலும் திரிந்துபோகலாம். அடுப்பைக் குறைத்து, இரண்டு ஆழாக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். வெல்லப் பாகு தெறித்தால் தண்ணீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் சமையலறையிலேயே வேண்டாம். பால்கனிக்கு அனுப்பி, வெயில் எதுவரை வந்திருக்கிறது என்று காவல் காக்கச் சொல்லுங்கள்.

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு வெல்லம் போடுவதற்கு முன்னாலேயே இரண்டு கரண்டி எடுத்து, நெய் விட்டு மசித்து வையுங்கள். அதற்கும் அதுதான் பொங்கல்.

சாயங்காலம் எள்ளு பெல்லா

கன்னடக்காரர்கள் சங்கராந்திக்கு எள்ளு, வெல்லம், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரைத் துண்டு கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கூடவே ஒரு துண்டு கரும்பும் சர்க்கரை அச்சும். "எள்ளு பெல்ல திந்து ஒள்ளே மாத்தாடு" என்பார்கள்: எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசு. புதுப் பாவாடை கட்டின சின்னப் பெண்கள்தான் தட்டை ஏந்தி வருவார்கள். முதல் வருஷம் அவர்கள் வந்தபோது திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் தயாராக இல்லை. ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை அவசரமாக நீட்டினேன். இப்போது பெரியவள் தன் தட்டோடு தானே கிளம்பிவிடுகிறாள். ஆறு வீடு, எல்லாம் இரண்டே மாடிக்குள். அதற்கு மேல் போனால் சின்னவன் நடக்க மாட்டான்.

முழு வேர்க்கடலை நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கொப்பரைத் துண்டும் அப்படித்தான். நான் சின்னவன் பங்கை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பொடியாகத் தருகிறேன். எலந்தைப் பழம் வந்தால் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சில கன்னட வீடுகளில் சின்னப் பிள்ளையை மணையில் உட்காரவைத்து, எலந்தைப் பழமும் கரும்புத் துண்டும் காசும் கலந்து தலையில் கொட்டி ஆரத்தி எடுப்பார்கள். தெலுங்குக்காரர்கள் அதையே போகியன்று செய்வார்கள். பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்கள் மகனுக்குச் செய்தபோது அவன் காசை மட்டும் பொறுக்கிக்கொண்டான். கரும்பை அவனுக்கு நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, சாறு உறிஞ்ச மட்டும் கையில் கொடுத்து, சக்கையை வாங்கிவிடுவேன்.

கவிபுரம் கங்காதரேஸ்வரர் குகைக்கோயிலில் சங்கராந்திச் சாயங்காலம் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். கூட்டம் நெரியும், பிள்ளைகளோடு வேண்டாம். கன்னடச் சேனல்களில் நேரலையாகக் காட்டுவார்கள், சோபாவில் உட்கார்ந்து பாருங்கள்.

மாடு இல்லாத மாட்டுப் பொங்கல்

மறுநாள் பள்ளிக்கூடம். ஆகவே இதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பால்காரர் மாடு இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு ஒரு கட்டு அகத்திக்கீரையோ இரண்டு வாழைப்பழமோ கொடுங்கள். பாசத்தில் ஒரு பானைச் சர்க்கரைப் பொங்கலை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். சோறும் வெல்லமும் அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் இரைப்பையில் அமிலம் ஏறி, படுத்துவிடும். ஒரு உருண்டை போதும்.

மாடே இல்லையென்றால் பசவனகுடி. அங்கே கெம்பேகவுடர் காலத்துப் பெரிய பசவர், அதாவது நந்தி, இருக்கிறார், ஒரே கல்லில் சுமார் பதினைந்து அடி உயரம். என் மகன் அண்ணாந்து பார்த்து, "இது எவ்ளோ புல்லு தின்னும்?" என்று கேட்டான். பூசாரி சிரித்துவிட்டு ஒரு பூவைக் கையில் கொடுத்தார்.

தை இரண்டு திருவள்ளுவர் நாளும்கூட. அல்சூர் ஏரி அருகே வள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-லேயே தயாரான சிலை அது. பதினெட்டு வருஷம் திறக்காமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. மாமியார் அந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். மூடின சிலையைத் தாண்டித்தான் தினமும் காய் வாங்கப் போவாராம். அதைப் பேத்திக்கு அவர் சொல்கிற விதமே தனி, அதனால் அந்தப் பயணத்தை நான் அவரிடமே விட்டுவிடுகிறேன்.

காணும் பொங்கலுக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. பொங்கலை ஒட்டியே லால்பாக்கில் குடியரசு நாள் மலர்க் கண்காட்சி ஆரம்பித்துவிடும். வார நாளில், கதவு திறந்ததும் போனால் ஸ்ட்ரோலர் தள்ள இடமிருக்கும்.

சனிக்கிழமை: சிறுவீடு

பிள்ளைகளுக்கென்றே ஒரு பொங்கல் எங்கள் பக்கத்தில் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் சிறுவீட்டுப் பொங்கல் என்பார்கள். மார்கழி முழுக்க வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப் பூ வைப்போம். சாயங்காலம் அந்தப் பூவைச் சாணியோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் காயவைப்போம். தையில், ஊருக்கு ஒரு நாளாக, முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டி, அதற்கு வாசல், அடுக்களை எல்லாம் வைத்து, சின்னப் பானையில் பெண் பிள்ளைகள் பொங்கலிடுவோம். அப்புறம் பூத்தட்டுகளையும் கொஞ்சம் பொங்கலையும் ஆற்றில் விட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து தின்போம். நாள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், நான் இதைத் தைரியமாகச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். விடுமுறைப் பிரச்சினையும் தீர்ந்தது.

வீடு: ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த அட்டைப் பெட்டி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆன்லைன் பெட்டிகள் நாலு. வாசலும் ஜன்னலும் நீங்கள் கத்தியால் வெட்டிக் கொடுங்கள். சுவருக்குக் காவி நிறமும் வெள்ளைப் பட்டையும் அடிப்பது அவர்கள் வேலை. செம்மண்ணைக் குழைத்தால் காவி, அரிசிமாவைக் குழைத்தால் வெள்ளை. பால்கனித் தரையில் பழைய பேப்பரை விரித்துவிட்டு, நீங்கள் உள்ளே போய்விடுங்கள். இது இரண்டு மணி நேரம் ஓடும். ஊரில் ஆண் பிள்ளைகளைச் சிறுவீட்டுக்குள் விடமாட்டோம், என் தம்பி வெளியே நின்று கெஞ்சுவான். இங்கே என் மகன்தான் வீட்டுக்கு ஓனர், அக்கா வாடகைக்கு இருக்கிறாள்.

பூ: பூசணிப் பூ கிடைக்காது, செண்டுப்பூ கிடைக்கும். சாணிக்குப் பதில் கோதுமை மாவு உருண்டை. முந்தின நாளே செய்து வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும்.

சமையல்: அடுப்பில்லாப் பொங்கல். ஒரு கிண்ணம் மெல்லிசு அவலைக் கழுவி ஐந்து நிமிஷம் ஊறவைத்து, பொடித்த வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். ஏலக்காய் வேண்டாம் என்பது மகளின் உத்தரவு. சொப்புப் பானையில் நிரப்பி, சின்ன மஞ்சள் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டினால் தீர்ந்தது. பொங்கலோ பொங்கல் இங்கேயும் உண்டு, ஆனால் எப்போது பொங்கும் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். போன வருஷம் ஏழு தடவை பொங்கியது.

ஆறு: ஏரியில் விட வேண்டாம், அதற்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம் இருக்கிறது. மகன் குளிக்கிற நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பால்கனியில் வைக்கிறோம். அரை அடி தண்ணீர் போதும், பக்கத்தை விட்டு நகரக்கூடாது, முடிந்த உடனே கொட்டிவிட வேண்டும். வாழையிலைத் துண்டில் ஒரு செண்டுப்பூ உருண்டையும் ஒரு சிட்டிகை அவலும் வைத்து, இருவரும் ஒவ்வொன்றாக விடுவார்கள். போன வருஷம் மகள் குனிந்து இலையை மெல்ல ஊதினாள், அது தொட்டியின் அந்தக் கரைக்குப் போய் முட்டி நின்றது. "தாமிரபரணிக்குப் போயிடுச்சா?" என்று கேட்டான் சின்னவன். அவள் தண்ணீரை ஒரு கையால் தள்ளிவிட்டு, "இப்பதான் ஓசூர் தாண்டுது" என்றாள்.